ஏழாவது படி

இது குக்கர்தான் சார். ஐந்து லிட்டர். பெட்டி முனை உங்கள் முழங்காலில் குத்துகிறதா? இருங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன். கீழே வைக்கலாம் என்றால் யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள். அட்டைப் பெட்டி, ஊறிவிடும். புதுசு. ஒரு நாள்கூட அடுப்பில் ஏறாதது.

திரிசூலம் ஸ்டாப்பில் நான் குனிந்துகொண்டதைப் பார்த்தீர்கள். சில்லறை ஒன்றும் விழவில்லை சார், சும்மாதான் தேடினேன். அந்த ஸ்டாப்பில் எங்கள் ஏர்போர்ட் ஆட்கள் நிற்பார்கள். பார்த்தால், "என்ன ஞானம் அண்ணே, லீவு போட்டுட்டுப் பெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?" என்பார்கள். பதில் சொல்ல வேண்டும்.

தேனாம்பேட்டைக்குப் போகிறேன். தொழிலாளர் அலுவலகம். பதினொரு மணிக்கு விசாரணை. இப்போது மணி என்ன, பத்தேகாலா? நேரம் இருக்கிறது.

என் பேரில் கேஸ் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாட்சி.

பெயர் ஞானப்பிரகாசம். இருபத்திரண்டு வருஷமாக ஏர்போர்ட்டில் வேலை. விமானம் ஓட்டுகிற கம்பெனி இல்லை. அந்தக் கம்பெனிகளுக்குப் பெட்டி ஏற்றி இறக்க ஆள் விடுகிற கம்பெனி. நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், மினுமினுக்கிற சட்டை போட்டுக்கொண்டு கீழே நாலைந்து பேர் நிற்போம். விமானத்தின் வயிற்றில் ஒரு கதவு இருக்கும். அதில் ஒரு வண்டி வந்து முட்டி நிற்கும், சரிவாக ஓடுகிற பெல்ட்டோடு. பெட்டி அதில் ஏறி உள்ளே போகும். உள்ளே ஆள் குனிந்தபடி அடுக்குவான். இந்தக் கூட்டத்துக்கு நான் சூப்பர்வைசர்.

குக்கர் எப்படி வந்தது என்றால், எங்கள் ஓய்வறை வாசலில் ஒரு வெள்ளைப் போர்டு உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று பெயிண்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எண்ணை மாற்றுவது என் வேலை. தினமும் காலையில் நேற்றைய எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவேன். முந்நூற்று அறுபத்தைந்து வந்தால் ஆளுக்கொரு குக்கர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

எங்கள் ரேம்ப்பில், அதாவது விமானம் நிற்கிற சிமென்ட் தரையில், யாரும் விழமாட்டார்கள் சார். எல்லாரும் வீட்டில்தான் விழுவார்கள். சிரிக்காதீர்கள். அங்கே அப்படி ஒரு வழக்கம். ஏணியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்தால் பைக்கில் விழுந்தது. பெட்டி சரிந்து முட்டி வீங்கினால் பாத்ரூமில் வழுக்கியது. ஒருத்தன் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்தான். அனகாபுத்தூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறவன். மேனேஜர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "காயாவது பறிச்சியாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான் விசாரணை.

இதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. பத்து நாள் வேலைக்கு வந்ததாக நான் ரெஜிஸ்டரில் போட்டுவிடுவேன். மருந்துச் செலவை மேனேஜர் பார்த்துக்கொள்வார். விபத்து என்று எழுதினால் வெளியிலிருந்து ஆள் வருவான், கேள்வி கேட்பான், கழுத்தில் தொங்குகிற பாஸை வாங்கி வைத்துக்கொள்வான். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் விழுந்தவனே முதலில் சொல்வான், "அண்ணே, வீட்டுல விழுந்தேன்னு போட்டுடுங்க" என்று. நான் யாரையும் கட்டாயப்படுத்தியது இல்லை. ஒருத்தரையும் இல்லை.

தணிகாசலம்கூட அப்படித்தான் சொல்லியிருப்பான். சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை.

தணிகாசலம் உள்ளே அடுக்குகிறவன். ஒல்லி, குள்ளம். விமான வயிற்றுக்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு என்று கேலி பண்ணுவோம். பெல்ட் வண்டி ஓட்டுகிற பெனடிக்ட் கீழேயிருந்து கத்துவான், "டேய் தணிகா, உள்ளே ஏசி போட்டாச்சா?" உள்ளேயிருந்து குரல் வரும், "ஏசி ஓடுது. டீதான் இன்னும் வரலை, ஏர்ஹோஸ்டஸைக் கொஞ்சம் அனுப்பு." ஒன்பது வருஷம் என்னிடம் வேலை செய்தான். லேட்டாக வந்தது கிடையாது. நல்ல ஆள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உள்ளே வேலை செய்கிறவனுக்கு ஒரு முறை உண்டு. பெட்டி சரியாமல் இருக்கக் கடைசியில் ஒரு வலையை இழுத்துக் கொக்கி மாட்ட வேண்டும். ஆள் வலையைப் பார்த்தபடி குனிந்து, கொக்கி கொக்கியாக மாட்டிக்கொண்டே கதவுப் பக்கம் வருவான். கடைசிக் கொக்கி மாட்டியதும் திரும்பமாட்டான். திரும்ப இடமும் கிடையாது. அப்படியே ஒரு காலைப் பின்னால் வெளியே வைப்பான். பெல்ட் அங்கே இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு விமானம், ஒன்பது வருஷம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்துக் கால் வைத்தது இல்லை. எவனும் பார்ப்பதில்லை. பெல்ட் அங்கே இருக்கும்.

அன்றைக்கு இல்லை.

மே மாதம், கத்திரி வெயில். மத்தியானம் ஒன்றரை மணி. தரையில் செருப்பில்லாமல் கால் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். விமானம் வந்ததே லேட். லேட்டாகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் யார் காரணம் என்று எழுத வேண்டும். பயணிகள் லேட்டா, பெட்ரோல் லேட்டா, பெட்டி லேட்டா என்று. பெட்டி லேட் என்றால் என் பெயர். எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். பெல்ட் வண்டி பின்னால் போய்விட்டது. எப்படிப் போனது, ஏன் போனது என்பதெல்லாம் அந்த நேரத்தில் யார் கண்டார்கள்? வண்டி போனது. அவன் காலை வைத்தான். ஏழடி உயரம். கீழே சிமென்ட்.

கத்தவில்லை சார். கத்தியிருக்கலாம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பெல்ட் எங்கண்ணே?" என்று கேட்டான்.

அன்றைக்குப் போர்டில் எண் முந்நூற்று நாற்பத்தொன்று.

ஏர்போர்ட்டுக்குள்ளேயே மருத்துவ அறை இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் நோட்டில் ஏறிவிடும். மேனேஜர் போனில், "ஞானம், நீங்க பார்த்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். கம்பெனி ஜீப்பில் ஓய்வறைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையை மாற்றினோம். பாஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பெனடிக்டின் லாக்கரில் ஒரு கட்டம் போட்ட சட்டை இருந்தது. கையைத் தூக்கு என்றேன். தூக்கினான். அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினான். உடைந்தது இடுப்பெலும்பு என்று எங்களுக்குத் தெரியாதே சார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எப்படி அடிபட்டுது?"

"வீட்டு மாடிப்படியில விழுந்துட்டான்மா."

"எத்தனாவது படி?"

அதை ஏன் கேட்டாளோ. "ஏழாவது படி" என்றேன். ஏழடி என்பது மனசில் நின்றிருக்கும். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தணிகாசலம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா சிஸ்டர், ஏழாவது" என்றான்.

"நீங்க யாரு இவருக்கு?"

சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷனுக்கு எடுக்கமாட்டார்கள். "அண்ணன்" என்றேன். காகிதத்தில் உறவு என்ற இடத்தில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அட்மிஷன் பணத்தை நான்தான் கட்டினேன். இளநீர் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் மனைவி வந்து சேர்கிற வரைக்கும் அந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் விசாரணையில் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் போர்டைத் துடைத்தேன். முந்நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதினேன். பெனடிக்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டை இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்கண்ணே, தூரத்துல இருந்து தெரியலை" என்றான். அவன் வாய் அப்படி.

அப்புறம் இருபத்துமூன்று நாள். கேக் வெட்டினார்கள். ஆளுக்கொரு குக்கர். பட்டியலில் தணிகாசலம் பெயர் இல்லை. நான் விடவில்லை சார். "லீவுல இருக்கறவங்களுக்கு எப்படிங்க ஞானம்?" என்றார் மேனேஜர். "சார், முந்நூத்து நாப்பத்தொரு நாள் அவனும் வேலை செஞ்சிருக்கான் சார்" என்றேன். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். எத்தனை சூப்பர்வைசர் இப்படிச் செய்வான், சொல்லுங்கள்.

நானே கொண்டுபோனேன், அவன் வீட்டுக்கு. பொழிச்சலூரில் ஆற்றை ஒட்டி. ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஒரே அறை, மேலே தகர ஷீட். அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான், இடுப்புவரை போர்வை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். படு, படு என்றேன். அவன் மனைவி அம்சவேணி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, இதோ பாருங்கள், 'விபத்தில்லா 365 நாட்கள், பாராட்டுகள்' என்று. வாய்விட்டுப் படித்தாள்.

படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க. இவரு எந்தப் படியில விழுந்தாருன்னு காட்டிட்டுப் போங்க. நானும் தினம் ரெண்டு வேளை கூட்டறேன். இந்த வீட்டுல ஒரு படிகூட என் கண்ணுல படலை" என்றாள்.

சுற்றிப் பார்த்தேன் சார். வாசலில் ஒரு கல்கூட இல்லை. தெருவும் வீடும் ஒரே மட்டம்.

"ஏய், சும்மா இரு" என்றான் தணிகாசலம் கட்டிலிலிருந்து. "அண்ணன் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு."

எனக்காக என்று அவனே சொன்னான். குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கம்பெனி செலவைப் பார்த்துக்கொண்டது. அவனால் வாக்கர் இல்லாமல் நிற்க முடியவில்லை. டிசம்பரில் பாஸைப் புதுப்பிக்கவில்லை. வீட்டில் விழுந்தவனுக்குக் கம்பெனி என்ன செய்யும் என்று மேனேஜர் கேட்டார். காகிதப்படி அது சரிதானே? வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு, அதற்குச் சட்டம் இருக்கிறது. வீட்டில் அடிபட்டால் இல்லை. அம்சவேணி யாரையோ பிடித்துக் கேஸ் போட்டுவிட்டாள்.

போன தடவை விசாரணைக்கு நானும் போனேன். கம்பெனி ஆட்களோடு போய் வராந்தாவில் நின்றேன். கம்பெனி வக்கீல் ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினார். வீட்டு மாடிப்படி, ஏழாவது படி, சேர்த்தவர் அண்ணன். விசாரிக்கிற அதிகாரி நல்ல மனுஷி. காகிதத்தைப் படித்துவிட்டு தணிகாசலத்தைக் கேட்டார், "உங்களுக்கு அண்ணன் இருக்காரா?" அவன் வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அப்புறம், "கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைங்கம்மா" என்றான். என் பெயரைச் சொல்லவில்லை சார். கதவு திறந்துதான் இருந்தது. நான் நிற்பது அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அம்சவேணிதான் சொன்னாள். அந்த அண்ணன் யார், எங்கே வேலை செய்கிறார், எல்லாம். அதிகாரி எனக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டு, "அடுத்த தேதியில அவர் வரலைன்னா இருக்கற பேப்பரை வெச்சு முடிச்சிடுவேன். இனிமே வாய்தா கிடையாது" என்றார்.

வெளியே வந்த அம்சவேணி இந்தப் பெட்டியை என் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்கண்ணே. எங்க வீட்டுல இதுல வெச்சா அரிசி வேகாது" என்றாள். அதனால்தான் இன்றைக்கு எடுத்துப் போகிறேன். எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள வைத்துவிட வேண்டும். ஒரு பொருளை இப்படித் திருப்பிக் கொடுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதே குக்கர்தான், நன்றாக உழைக்கிறது.

மேனேஜர் நேற்று கூப்பிட்டார். மிரட்டவில்லை. மிரட்டுகிற ஆள் இல்லை. "உண்மையைச் சொல்லுங்க ஞானம், நான் தடுக்கலை. ஆனா அண்ணன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. வண்டி ஏன் பின்னால போச்சுன்னும் கேப்பாங்க" என்றார்.

பெனடிக்ட்டைக் கேட்டேன். "நீங்க சொன்னா நானும் வந்து சொல்றேண்ணே. நீங்க சொல்லாம நான் சொன்னா, உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றான்.

இது நந்தனமா? அந்த அம்மாவைப் பாருங்கள், மஞ்சள் புடவை, இரண்டு கையிலும் பை. மெதுவாகத்தான் இறங்குவார். பின்னால் ஹாரன் அடிக்கிறான், இருந்தும் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்க்கிறார் பாருங்கள். ஒரு கால் வைத்தாயிற்று. இன்னொரு கால். பை. இப்போதுதான் விசில்.

எவ்வளவு நேரம் ஆனது? மூன்று வினாடி இருக்குமா?

நான் பார்க்கவில்லை சார்.

கையை ஆட்டியது நான்தான். வேறு யார் ஆட்டுவார்கள்? சூப்பர்வைசர் கை காட்டாமல் பெனடிக்ட் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தமாட்டான். உள்ளங்கையை இரண்டு தடவை பின்னால் தள்ளுவது, போ போ என்று. அன்றைக்கு என் கண் கடிகாரத்தில் இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்க்க இரண்டு அடி நகர வேண்டும். வெயில். நகரவில்லை. பெனடிக்ட், "தணிகா எறங்கிட்டானாண்ணே?" என்று கேட்டான். கேட்டான் சார். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியிடம்கூட. நான் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் காட்டினேன்.

தணிகாசலத்துக்கு இது தெரியாது. பெனடிக்ட் தானாக வண்டியை எடுத்துவிட்டான் என்றுதான் இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பெனடிக்ட்டோடு பேசுவதில்லை. என்னோடு பேசுகிறான். போன பொங்கலுக்குப் போன் பண்ணினான். "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டான்.

இன்றைக்குச் சொல்லிவிடுவேன். உங்களிடம் எப்படிச் சொன்னேன், கோவையாக வந்துவிட்டதே? அப்படியே அங்கேயும் சொன்னால் முடிந்தது. முதலில் பெயர் கேட்பார்கள். ஞானப்பிரகாசம். வயது, ஐம்பத்தைந்து. அப்புறம், காயம்பட்டவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்றுதான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

தேனாம்பேட்டையா? வந்துவிட்டதா? இறங்கணும், கண்டக்டர்! இதோ. கால் மரத்துவிட்டது சார், பெட்டி மடியிலேயே இருந்ததா. ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்கிறீர்களா?

அதோ, அந்த மரத்தடியில் நிற்பது அம்சவேணிதான். பக்கத்தில் அவன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள். உள்ளே பெஞ்சு இருக்கிறதே, அங்கே உட்காராமல் ஏன் வெயிலில் வந்து நிற்கிறான்? வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்க்கிறான். எனக்காகத்தான் நிற்கிறான் போலிருக்கிறது. அதே கட்டம் போட்ட சட்டை.

கண்டக்டர் என்னைப் பார்க்கிறார். "பெரியவரே, எறங்கணும்னு சொல்லிட்டு ஒக்காந்தே இருந்தா எப்படி?" என்கிறார். விசிலை வாயில் வைத்தும் ஊதாமல் நிற்கிறார்.

போகலாம். போகலாம், போங்க.

இல்லை சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கையைக் காட்டாவிட்டால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்துவிடலாம், என்ன பெரிய தூரம்? இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் வாய்தா கொடுப்பார்கள் சார். கிடையாது என்றுதான் சொல்வார்கள், கேட்டால் கொடுக்காமலா போவார்கள்? நல்ல மனுஷி அவர்.

உங்களுக்கு எந்த ஸ்டாப், ஆயிரம் விளக்கா? பெட்டியை இப்படிக் கொடுங்கள். எனக்கு மடியில் இருந்து பழகிவிட்டது. நீங்கள் முன்னாலேயே எழுந்து நின்றுகொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

பார்த்து இறங்குங்கள் சார், படி உயரமாக இருக்கிறது. கால் தரையில் பட்டதும் ஒரு குரல் கொடுங்கள். அதுவரைக்கும் வண்டியை எடுக்க விடமாட்டேன்.